அப்ரோச் சார்ட்டுல ரெண்டு படம் இருக்கு, ரெண்டையும் சேர்த்துதான் படிக்கணும்

மேகம் இறங்கி ரன்வேயே தெரியாத நாள்லயும் விமானம் கரெக்டா வந்து இறங்குதுன்னா அதுக்கு ஒரு சின்ன ஷீட்டும் காரணம். அப்ரோச் சார்ட், அதாவது ரன்வேயை நெருங்கி இறங்கற வழியைக் காட்டுற வரைபடம். நோட்டுப் பக்கம் சைஸுதான் இருக்கும், முன்னாடியெல்லாம் பேப்பரை க்ளிப்புல மாட்டி வச்சிருப்பாங்க, இப்போ டேப்லெட்டுல வந்துடுச்சு.

மேல் வரியில ரேடியோ ஃப்ரீக்வென்ஸி, கடைசியா எந்த திசையில வரணும், ரன்வே கடல் மட்டத்துல இருந்து எவ்ளோ உயரம்னு இருக்கும். இறங்க முடியலைன்னா எந்தப் பக்கம் ஏறிப் போகணும்ங்கறதும் அங்கயே இருக்கும். இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பைலட்டும் இதை வாய்விட்டுப் படிச்சு சரிபார்த்துக்குவாங்க.

கீழதான் விஷயமே இருக்கு. ஒரு படம் மேல இருந்து பார்த்த மாதிரி: வழி, மலை, டவர், எந்த இடம் வரைக்கும் எந்த உயரத்துக்குக் கீழ வரக்கூடாதுங்கறது. இன்னொண்ணு பக்கவாட்டுல பார்த்த மாதிரி, ரன்வே வரைக்கும் இறங்கற படிக்கட்டு. பொதுவா 3 டிகிரி சரிவு, அதாவது ஒரு கடல் மைலுக்கு சுமார் 318 அடி, அப்போ 5 மைல் இருக்கும்போது ரன்வேக்கு மேல சுமார் 1600 அடியில இருக்கணும். ரன்வேல ஐஎல்எஸ்ங்கற இறங்கறதுக்கு வழிகாட்டுற ரேடியோ சிஸ்டம் இருந்தா அந்த சரிவை சிக்னலே காட்டிடும். சாதாரண ஐஎல்எஸ்ல ரன்வேக்கு மேல 200 அடி வந்தும் ரன்வேயோ அதோட லைட்டோ கண்ணுல படலைன்னா உடனே மேல ஏறிடணும், அங்க யோசிச்சுட்டு இருக்கவே கூடாது. ஆனா விஓஆர்ங்கற ரேடியோ நிலையத்தை வச்சு வர்ற பழைய அப்ரோச்ல திசைக்கு மட்டும்தான் சிக்னல், உயரத்துக்கு ஆல்டிமீட்டரையும் இந்த ஷீட்டையும்தான் நம்பணும்.

இதுக்கு ஒரு உதாரணம்: 1974 டிசம்பர் 1, டிடபிள்யூஏங்கற அமெரிக்க கம்பெனியோட ஃப்ளைட் 514, போயிங் 727. வாஷிங்டன் நேஷனல் ஏர்போர்ட்ல காத்து பலமா இருந்ததால பக்கத்துல இருக்கற டல்லஸ் (Dulles) ஏர்போர்ட்டுக்குத் திருப்பி விட்டாங்க. ரன்வேக்கு இன்னும் 44 மைல் இருக்கும்போதே தரையில இருந்து வழிநடத்தற கன்ட்ரோலர் ரன்வே 12க்கு விஓஆர் அப்ரோச் க்ளியர் பண்ணிட்டாரு, அதாவது அனுமதி கொடுத்துட்டாரு, எந்த உயரம்னு சொல்லல. சார்ட்டோட பக்கவாட்டுப் படத்துல 1800 அடின்னு இருந்துச்சு, ரவுண்ட் ஹில்ங்கற இடத்துக்கு முன்னாடி எவ்ளோன்னு அதுல இல்லவே இல்ல. மேல்பார்வைப் படத்துல ரவுண்ட் ஹில் வரைக்கும் 3400னு இருந்துச்சு. கேப்டன் அதைப் பார்த்திருக்காரு, பார்த்துட்டு காக்பிட்ல பேசியும் இருக்காரு, எனக்கு மனசு கனக்கறது இங்கதான். க்ளியரன்ஸ் கொடுத்துட்டா 1800 அடிக்கு இறங்கலாம்னுதான் அர்த்தம்னு முடிவு பண்ணி இறங்கினாங்க. மவுண்ட் வெதர் மலையில சுமார் 1670 அடி உயரத்துல மோதிடுச்சு, 92 பேர்ல ஒருத்தரும் பிழைக்கல.

விசாரணை போர்டே 3க்கு 2ன்னு பிரிஞ்சுது. பைலட்டுங்க சீக்கிரம் இறங்கினதுதான் காரணம்னு மூணு பேர் சொன்னாங்க, மத்த ரெண்டு பேர் ஒத்துக்கல. என்னைக் கேட்டா, பாதி பதில் ஒரு படத்துலயும் மீதி இன்னொரு படத்துலயும் இருந்தா அவசரத்துல எந்த மனுஷனுக்கும் இது நடக்கும். சுமார் ஆறு வாரத்துக்கு முன்னாடி இன்னொரு கம்பெனி விமானமும் இதே அப்ரோச்ல இதே மலைகிட்ட தப்பிச்சிருக்கு, அந்த கம்பெனி தன் பைலட்டுங்களை எச்சரிச்சுது, விஷயம் டிடபிள்யூஏக்குப் போய்ச் சேரல. அதுக்கப்புறம்தான், பயப்படாம தப்பைச் சொல்றதுக்கு நாசா நடத்தற ரிப்போர்ட்டிங் சிஸ்டம் 1976ல வந்துச்சு. தரை நெருங்கினா கத்துற கருவியையும் அமெரிக்காவுல பெரிய விமானங்களுக்குக் கட்டாயம் ஆக்கினாங்க.

இப்போ அமெரிக்காவுல சார்ட்டுல இல்லாத வழியில வர்ற விமானத்துக்கு அப்ரோச் க்ளியர் பண்ணும்போது, சார்ட்ல போட்ட வழியில சேர்ற வரைக்கும் இந்த உயரத்துலயே இருங்கன்னு கன்ட்ரோலர் நம்பரோட சேர்த்தே சொல்லணும், பைலட்டும் அதைத் திருப்பிச் சொல்லுவாரு.