55 லிட்டர் வருகிறதா? தொட்டிப் பதிவேட்டைப் பாருங்கள்

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல், ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர், அதுவும் வீட்டுக் குழாயில். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 15 குடத்துக்குச் சற்றே குறைவு. குழாய் போட்டாயிற்று, குடம் நிறைகிறதா என்பதற்கு முதல் சாட்சி, மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர் எழுதும் பதிவேடு.

மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், மீட்டர் அளவு, எந்தத் தெருவுக்கு எப்போது திறந்தார், குளோரின் எவ்வளவு கலந்தார் ஆகியவை அதில் அன்றன்றே ஏற வேண்டும். மாதக் கடைசியில் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய பதிவேடு பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. 30,000 லிட்டர் தொட்டி நாளுக்கு இரண்டு முறை நிரம்பினால் 60,000 லிட்டர். ஊரில் 1,000 பேர் என்றால் தலைக்கு 60. ஏட்டில் இலக்கு எட்டியாயிற்று! ஆனால் தொட்டியடித் தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசித் தெருவுக்கு நான்கு குடம்கூடத் தேறாது. ஆகவே கடைசிக் குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று வாரம் ஒருநாள் குறித்து வைப்பது நல்லது.

இரவில் வால்வுகளை எல்லாம் அடைத்துவிட்டுத் தொட்டியின் மட்டத்தைக் குறியுங்கள். விடியற்காலையில் இறங்கியிருந்தால் தொட்டியிலோ வால்விலோ கசிவு. மின் மீட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு 20 யூனிட்டில் ஏறிய அதே தண்ணீருக்கு இப்போது 26 யூனிட் என்றால், நிலத்தடி நீர் இறங்கியிருக்கலாம் அல்லது பம்பு தேய்ந்திருக்கலாம்.

இதைக் கவனிக்க ஊராட்சியின் கீழ் 10 முதல் 15 பேர் கொண்ட குடிநீர்க் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்கள் என்பது திட்ட விதி. தண்ணீர் பிடிக்கிறவர்களுக்குத்தானே குறை தெரியும்! தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அவற்றில் ஒன்று. பதிவேட்டை அங்கே வைக்கச் சொல்லலாம். மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் ‘குடிநீர் நிலவரம்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். மூன்று மாதப் பதிவேட்டின் நகல், அதே மாதங்களின் மின் கட்டண விவரம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.