கடையில் மணப்பது ஒன்று, கல்யாணத்தில் மணப்பது வேறு

போன மாதம் நம் ரீயூனியன் தீவின் தலைநகர் சேன் தெனியில் ஒரு கடைக்கு அக்கா மகனோடு சென்ட் வாங்கப் போனேன். அட்டைத் துண்டில் அடித்து முகர்ந்தான், எலுமிச்சையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த மாதிரி ஜிலுஜிலுவென்று இருந்தது, உடனே பில் போட்டுவிட்டான். மறுநாள் அவன் சிநேகிதனுக்குக் கல்யாணம். வீட்டிலேயே அடித்துக்கொண்டு கிளம்பியவன், டிராஃபிக்கில் மாட்டி மண்டபம் போய்ச் சேர்வதற்குள் அந்த எலுமிச்சை போன இடம் தெரியவில்லை. வெனிலாவும் மரக்கட்டையும் கலந்த ஒரு கனத்த இனிப்புதான் மிச்சம். "மாமா, டூப்ளிகேட் கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்றான், பாதி இந்தத் தீவு மொழியான கிரியோல், பாதித் தமிழில்.

டூப்ளிகேட்டெல்லாம் இல்லை. அவன் கடையில் முகர்ந்தது அந்த சென்டின் முதல் கால் மணி நேரத்தை, கல்யாணத்தில் முகர்ந்தது இரண்டாவது மணி நேரத்தை.

ஒரு பாட்டிலுக்குள் பல பத்துப் பொருள்கள் ஆல்கஹாலில் கரைந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீனின் மூலக்கூறு எடை 136, சின்னப் பொருள், சீக்கிரம் பறந்துவிடும். ஜெரானியம் என்ற வாசனைச் செடியில் இருக்கும் ஜெரானியோல் 154, கொஞ்ச நேரம் நிற்கும். வெட்டிவேர் எண்ணெயில் இருக்கும் குசிமோல் 220, அது சட்டையில் மறுநாளும் இருக்கும். எடை மட்டும்தான் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். வனிலினுக்கு 152தான், ஜெரானியோலைவிடக் குறைவு, ஆனால் அதன் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்வதால் லேசில் கிளம்பாது.

இலாங்-இலாங் பூவிலிருந்து எண்ணெய் இறக்கும் முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். பக்கத்துக் கொமோரோ தீவுகளில் இது பெரிய தொழில். பூவைக் கொட்டி நீராவி விடுகிறார்கள், முதலில் இறங்குவதைத் தனியாகப் பிடித்து 'எக்ஸ்ட்ரா' என்று பெயர் வைக்கிறார்கள், பூவின் மெல்லிய பாகமெல்லாம் அதில்தான், விலையும் அதற்குத்தான். அப்புறம் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் வருவது கனமாக, பிசுபிசுப்பான மணத்தோடு இருக்கும். ஒரே பூ, ஒரே பானை, நேரம்தான் வேறு. உங்கள் மணிக்கட்டில் நடப்பதும் இதேதான், நெருப்புக்குப் பதில் உடம்புச் சூடு.

நம் தீவின் கதை இதில் சுவாரசியம். வெத்திவேர் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது நம் வெட்டிவேரைத்தான், சொல்லே தமிழிலிருந்து போனது. ஜெரானியத்தில் ஒரு வகை 'பூர்போன்' என்று பேர் வாங்கியதும் இந்தத் தீவின் பழைய பெயரால்தான்.

சரி, எங்கே எதைப் போடுவது? முதலில் வெப்பத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் சேன் தெனியில் 30 டிகிரி இருக்கும்போது, 1600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ப்ளேன் தெ காஃப்ரில் பத்து டிகிரி குறைவாக இருக்கும். பத்து டிகிரி ஏறினால் இந்தப் பொருள்கள் ஆவியாகும் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதாவது மலையில் நாலு தடவை அடித்தால் வருகிற வீச்சு கடற்கரையில் இரண்டு தடவையிலேயே வந்துவிடும். எரிமலை பார்க்கப் போகிற குளிரில் வெனிலா, சந்தனம், வெட்டிவேர் போட்டால் இதமாக இருக்கும். அதையே மத்தியானம் கண்ணாடி ஏற்றிய காரில் போட்டால் கூட வருகிறவர்களுக்குத் தலைவலிதான்.

ஆபீசில் வேறு சிக்கல். மூக்கு சில நிமிடங்களில் உங்கள் சொந்த வாசனைக்குப் பழகிவிடும், போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு அடிப்பீர்கள், பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலைத் திறப்பார். போதாக்குறைக்கு, சில கஸ்தூரி வகை வாசனைகள் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது, பிறவியிலேயே அப்படி. அதனால் இந்த விஷயத்தில் வீட்டில் இருக்கிற இன்னொரு மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

காவடிக்குப் போகும்போது நான் எதுவும் போடுவதில்லை. கற்பூரம், மல்லிகை, சாம்பிராணி என்று காற்று ஏற்கெனவே நிறைந்திருக்கும், அதற்குள் நம் பங்கு எடுபடாது. இன்னொரு காரணமும் உண்டு: சில எலுமிச்சை வகை எண்ணெய்களில், முக்கியமாக பெர்கமோட்டில், பெர்காப்டென் என்று ஒன்று இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கருத்துவிடும். கடை சென்ட்களில் பெரும்பாலும் அதை நீக்கியிருப்பார்கள், ஆபத்து வீட்டிலேயே எண்ணெய் கலந்து பூசிக்கொள்கிறவர்களுக்குத்தான். சாவு வீட்டுக்கு எதுவும் வேண்டாம், அதற்கு அறிவியல் தேவையில்லை.

வாங்கும்போது அட்டையில் அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். ரிசெப்ஷன் மாலை ஏழு மணிக்கு, வீட்டிலிருந்து ஆறுக்குக் கிளம்புகிறீர்கள் என்றால், உங்களுக்கு முக்கியம் அந்த ஒரு மணி நேரம் கழித்து வருகிற வாசனை.

அக்கா மகன் அந்த பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை. மலைக்குப் போகிற நாட்களில் போடுகிறான். எலுமிச்சை ஆசைக்குத் தனியாக ஒரு சின்ன கொலோன் வாங்கிப் பையில் வைத்திருக்கிறான், அதில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இருக்காது, அரை மணிக்கு ஒரு தடவை அடித்துக்கொள்கிறான்.