ஆல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ்: பெயர் வந்த வழியும் தமிழ்ப் பெயரும்

கடலில் கச்சா எண்ணெய் கொட்டிவிட்டது என்று செய்தி வந்தால், கூடவே ‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா’ என்றும் ஒரு வரி வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசப்படுவது ஆல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பிரித்தால் அது எதைத் தின்னும், எந்த ஊர்ப்பக்கம் கிடைத்தது என்ற இரண்டும் தெரிந்துவிடும்.

முதல் பாதியில் இருப்பது ஆல்கேன். கரியும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்து, வளையமில்லாமல், ஒற்றைப் பிணைப்புகளால் ஆன சங்கிலி மூலக்கூறு. சமையல் எரிவாயுவில் இருக்கும் புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் ஆல்கேன்தான், மெழுகுவத்தியின் மெழுகும் பெரும்பாலும் அதுதான். ‘ஏன்’ என்ற விகுதியை 1866இல் முன்மொழிந்தவர் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். முன்னால் நிற்கும் ‘ஆல்க்’ ஆல்கஹாலில் இருந்து வந்தது, அதற்கும் பின்னால் போனால் அரபியின் ‘அல்-குஹ்ல்’, அதாவது கண்ணுக்குத் தீட்டும் மைப்பொடி. கண் மையில் கிளம்பி, சாராயம் வழியாக, பெட்ரோலியத்துக்கு வந்து சேர்ந்த சொல்!

‘வோராக்ஸ்’ இலத்தீன், அடங்காப் பசியோடு விழுங்குவது என்று பொருள். நாம் ஊனுண்ணி என்று எழுதும் கார்னிவோரின் வால் பகுதியும் இதே வேரில் முளைத்ததுதான். போர்க்கும் என்பது வட கடலில் உள்ள ஒரு ஜெர்மன் தீவு, அதை ஒட்டிய கடலில் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு 1998இல் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். ‘என்சிஸ்’ என்றால் அந்த ஊரைச் சேர்ந்தது. வெண்புருவ வாலாட்டிக் குருவியின் அறிவியல் பெயரில் மதராசப்பட்டினம் ‘மதராஸ்படென்சிஸ்’ என்று ஒட்டிக்கொண்டிருப்பதும் இதே கணக்கு.

பெயரில் மிகை எதுவும் இல்லை. நிறைய பாக்டீரியாக்கள் ஆசையாகத் தின்னும் சர்க்கரையை இது தொடாது, அமினோ அமிலத்தையும் தொடாது, இதற்கு வேண்டியது ஆல்கேன். சோப்பு போல வேலை செய்யும் ஒரு பொருளைத் தானே சுரந்து எண்ணெயைச் சிறு துளிகளாக்கி, அதில் ஒட்டிக்கொண்டு தின்னும். சுத்தமான கடல்நீரிலும் கொஞ்சமாக இருக்கும் (கடலில் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களே சிறிதளவு ஆல்கேன் தயாரிக்கின்றன, அதனால் இது பட்டினி கிடப்பதில்லை). எண்ணெய் கொட்டியதும் மளமளவென்று பெருகும். ஆனால் எண்ணெயில் கரி உண்டே தவிர உயிர்செல் கட்டப் போதுமான நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடையாது, பெருக்கம் அங்கேதான் தடைபடும். 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்கா கரையில் படிந்தபோது, அங்கே ஏற்கெனவே இருந்த எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களுக்காக உரம் போட்டதும் இதனால்தான்.

சரி, தமிழில்? ‘எண்ணெயுண்ணி’ என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எண்ணெய் என்பதே எள்+நெய், சமையலறையைத்தான் நினைவுபடுத்தும். பெட்ரோலியம் என்பதற்கு இலத்தீனில் கல்நெய் என்று பொருள், கல்+நெய் கன்னெய் என்று அழகான சொல்லும் நம்மிடம் இருக்கிறது, அதனால் ‘கன்னெயுண்ணி’ கொஞ்சம் மேல். ஆனாலும் அதுவும் அகலம் கூடிய சொல். கச்சா எண்ணெயில் நாப்தலீன் மாதிரி வளையச் சேர்மங்களும் உண்டு, அவற்றைச் சிதைப்பது வேறு பாக்டீரியா, அதன் பெயரே சைக்ளோகிளாஸ்டிகஸ், அதாவது வளைய உடைப்பி. ஆகவே நம் ஆளுக்குச் சரியான பெயர் ‘ஆல்கேனுண்ணி’. இலங்கைப் பாடநூல் வழக்கில் அற்கேன் என்பதால் அங்கே அற்கேனுண்ணி. உண்ணி என்றதும் மாட்டு உண்ணி ஞாபகம் வருகிறதே என்பவர்களுக்கு, தாவர உண்ணி, அனைத்துண்ணி எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே பழகிவிட்டன, குழப்பம் வராது.

வெறுமனே ‘நுண்ணுயிரி’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள், பூஞ்சையும் அதில் அடங்கும். இன்னொன்று, அறிவியல் பெயரை மொழிபெயர்க்கும் வழக்கம் இல்லை. கட்டுரையில் முதல் முறை முழுப் பெயரை ஒலிபெயர்த்து எழுதிவிட்டு, அப்புறம் ஆல்கேனுண்ணி என்று தொடரலாம். அந்தப் பேரினத்தின் வேறு இனங்களிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் போர்க்கும் ஆல்கேனுண்ணி.