தொட்டிக்கு ஏற்றபடி மீன் வளராது

இந்த மாதமும் அதே மாதிரி ஓர் அழைப்பு. ஆறடி உப்புநீர்த் தொட்டி, உள்ளே ஒரு ரெட் எம்பரர் ஸ்னாப்பர். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கியது, வெள்ளை உடம்பில் அழகான சிவப்புப் பட்டைகள். இப்போது அது திரும்பினாலே வால் கண்ணாடியில் இடிக்கிறது. வாயோரம் புண். கூட இருந்த சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. "புண்ணுக்கு ஏதாவது மருந்து சொல்லுங்க டாக்டர்" என்கிறார் உரிமையாளர். மருந்து தரலாம், புண்ணும் ஆறும். ஆனால் அந்த இனம் முழுதாக வளர்ந்தால் ஒரு மீட்டரை எட்டும். அதே கண்ணாடியில் அடுத்த வாரமும் இடித்துக்கொள்ளும்.

வளர்க்க இடம் இல்லையே, ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "தொட்டி அளவுக்குத்தானே மீன் வளரும்?" இல்லை. தயவுசெய்து இதை நம்பாதீர்கள். தொட்டியின் நீள அகலம் மீனுக்குத் தெரியாது. நல்ல தண்ணீரும் நல்ல தீனியும் கிடைத்தால் சிறிய தொட்டியிலும் அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மீன்களுக்கு நம்மைப் போல ஒரு வயதோடு வளர்ச்சி நின்றுவிடுவதில்லை, வேகம்தான் குறையும். அப்படியானால் சில தொட்டிகளில் வளராமல் நிற்கிறதே என்பீர்கள். நிற்கிறது, உண்மைதான். கழிவு தேங்கிய தண்ணீர், ஓயாத மன அழுத்தம், சத்துக் குறைவான தீனி, நீந்த இடமின்மை எல்லாம் சேர்ந்து அதைக் குன்றச் செய்துவிட்டன. அது நோய். என் மேசைக்கு வரும் அப்படிப்பட்ட மீன்களுக்கு உடல் சிறுத்தும் கண் மட்டும் பெரிதாகவும் இருக்கும், சிலவற்றுக்கு முதுகெலும்பு வளைந்திருக்கும். "ரெண்டு வருஷமா அதே சைஸ்தான், தொட்டிக்குப் பழகிடுச்சு" என்று உரிமையாளர் சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது. பழகவில்லை. நாள்கணக்கில் நலிந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கையும் யாரும் போடுவதில்லை. 10 செ.மீ. மீன் 20 செ.மீ. ஆகிவிட்டால் எடை இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்கிறார்கள். நீளம், உயரம், தடிமன் மூன்றும் சேர்ந்து கூடுவதால் எடை ஏறக்குறைய எட்டு மடங்கு. 40 செ.மீ. ஆகும்போது சுமார் 64 மடங்கு. தின்பது, கழிப்பது, உறிஞ்சும் ஆக்சிஜன் எல்லாம் கூடவே பெருகும். குட்டி மீனுக்குப் போதுமென்று போட்ட ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) அப்போது எதற்கும் ஆகாது. மின்சாரம் போனால் முதலில் மூச்சுத் திணறுவதும் பெரிய மீன்தான். அதனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கடையில் நீங்கள் பார்ப்பது குழந்தையை. பேந்தர் குரூப்பர் குட்டி வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு தலையைத் தாழ்த்தி ஆடி ஆடி நீந்தும், பார்த்தவர் விடமாட்டார். அது 70 செ.மீ. வரை வளரும் களவா இன மீன், உணவுக்காகவே பண்ணைகளில் வளர்க்கப்படுவது. பேம்பூ சுறாவின் முட்டையையே விற்கிறார்கள், பொரித்து வருவது ஒரு மீட்டர் நீளத்துக்குப் போகும், தரையில்தான் உலவும், பாறை குவித்த தொட்டியில் அதற்கு நடமாட வழியில்லை. நர்ஸ் சுறா மூன்று மீட்டர். அதைக் குட்டியாக விற்பவரிடம் வேறெந்த மீனும் வாங்காதீர்கள். எம்பரர் ஏஞ்சலுக்கு வேறொரு சிக்கல்: குட்டியில் கருநீலத்தில் வெள்ளை வளையங்கள், வளர்ந்தால் மஞ்சள் கோடுகள். அந்த வளையங்களுக்காக வாங்கியவர் நிறம் மாறும்போது நோய் என்று பயந்து மருந்து ஊற்றுகிறார். அது நோயல்ல, வயதுக்கு வருகிறது.

தொட்டியை லிட்டரில் சொல்லாதீர்கள், அடியில் சொல்லுங்கள். ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் கிட்டத்தட்ட 680 லிட்டர், கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அகலம் 60 செ.மீ.தான், பாறை போக அதிலும் பாதி. 45 செ.மீ. நேசோ டேங் (டேங் என்பது ஒரு மீன் வகை, தொட்டி அல்ல) அங்கே எப்படித் திரும்பும்? உயரத்தால் லிட்டர் கூடிய தொட்டி நீந்தும் மீனுக்கு உதவாது. என் கணக்கில், பெரிய டேங்குகளுக்கும் எம்பரர் ஏஞ்சலுக்கும் எட்டடி நீளம், மூன்றடி அகலம் தேவை. விலாமிங்கி டேங் 60 செ.மீ. ஆகும், வீடுகளுக்கு அதை நான் சொல்வதே இல்லை. ஆறடிதான் என்றால் வருந்த வேண்டாம். ஹார்லெக்வின் டஸ்க் 30 செ.மீ. அளவில் நிற்கும், ஆரஞ்சுப் பட்டையும் நீலப் பற்களுமாகத் தொட்டிக்கே தனிக் களை தரும் (இறால், நத்தைகளை மட்டும் மறந்துவிடுங்கள்). டாக்ஃபேஸ் பஃபரும் ஏறக்குறைய அந்த அளவுதான், ஆளை அடையாளம் கண்டு முன்னால் வரும்.

அப்புறம் குணம். கிளவுன் ட்ரிகர் குட்டியாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும், வளர்ந்ததும் கூட இருப்பதையெல்லாம் கடிக்கலாம், ஹீட்டர் வயரைக்கூட விடாது. சோஹல் டேங் இடம்பிடித்துவிட்டால் புதிதாக வரும் மீனை வாலடி முள்ளால் கிழிக்கும். இந்த மாதிரி மீன் வேண்டும் என்றால் கடைசியாக இறக்குங்கள், அல்லது அது ஒன்றுக்காகவே தொட்டி வையுங்கள். வாய்க்குள் நுழையும் அளவுள்ள எதுவும் தீனிதான், எத்தனை மாதம் ஒன்றாக இருந்திருந்தாலும்.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உயிருள்ள தங்கமீன்களைப் போட்டு வேட்டை பார்ப்பதை நிறுத்துங்கள். தங்கமீனில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் வலிப்பு வந்து கிடக்கும் நிலையில் என்னிடம் வருகிறது, கூடவே நோயும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இறால், கணவாய், சிப்பிச் சதை, கடல்மீன் என மாற்றி மாற்றிக் கொடுங்கள், வைட்டமினில் நனைத்தால் இன்னும் நல்லது. டேங்குகளுக்குக் கடற்பாசி தினமும் வேண்டும். வளர்ந்த களவா, விலாங்கு போன்றவற்றுக்குத் தினமும் தீனி தேவையே இல்லை. கெஞ்சுகிற மாதிரி முன்னால் வந்து நிற்கும், மனம் இளகாதீர்கள், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

வாங்கும் நாளில் பணம் எடுப்பதற்கு முன், என் கண்ணெதிரே தீனி போடுங்கள் என்று கேளுங்கள். தின்னாத மீனை எடுக்காதீர்கள். மூரிஷ் ஐடல், பினாட்டஸ் பேட் ஃபிஷ் இரண்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டினியாலேயே பெரும்பாலும் சாகின்றன. முதுகு மெலிந்து வயிறு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வேகமாக மூச்சு வாங்கினாலும், கண் மங்கியிருந்தாலும் அப்படியே.

வீட்டுக்கு வந்ததும் நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டி. "பெரிய மீன் டாக்டர், அதுக்கு எங்க தனித் தொட்டி வைக்கிறது?" என்று கேட்பவரிடம் நான் திரும்பக் கேட்பது, அதற்குக்கூட இடமில்லாத வீட்டில் இந்த மீன் எதற்கு? வெண்புள்ளி நோய் ஒருமுறை பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் அதை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் கூடுகள் தரையிலும் பாறையிலும் ஒட்டி 72 நாள் வரைகூடப் பொரிக்காமல் இருக்கும். பாறையும் பவளமும் உள்ள தொட்டியில் அதைக் கொல்லும் செம்பு மருந்தைப் போட முடியாது. சுறா, திருக்கை இருக்கும் தண்ணீரில் செம்பு ஒருபோதும் கூடாது.

லயன் ஃபிஷ் வைத்திருப்பவர்கள் வெறுங்கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். அதன் விஷ முள் குத்தினால் தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் கையை வைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சூட்டை இன்னொருவர் தொட்டுப் பார்க்கட்டும், வலியில் உங்களுக்குத் தெரியாது.

மீன் கைமீறி வளர்ந்துவிட்டது என்றால் கடலில் கொண்டுபோய் விடவே கூடாது. அட்லாண்டிக்கில் முன்பு லயன் ஃபிஷ் இருந்ததே இல்லை. 1985-ல் ஃபுளோரிடா அருகே முதலில் காணப்பட்டது, தொட்டிகளிலிருந்து விடப்பட்டவை என்பதுதான் பரவலான கருத்து. இன்று கரீபியன் முழுக்கப் பரவி அங்கிருக்கும் சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. பொது மீன் காட்சியகங்களும் இப்படிப்பட்ட மீன்களைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதில்லை, அவர்களிடம் ஏற்கனவே வந்தவை நிறைய. ஆகவே வாங்குமுன் விற்பவரிடமே கேளுங்கள்: பெரிதானதும் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? எழுதித் தருவீர்களா? தயங்கினால், அந்தக் குட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.