பேரளம்–காரைக்கால் பழைய இரயில் பாதையும் செக்குபந்தியில் ஒரு வரியும்

மனை ஒன்றை வாங்குவதற்கு முன் சட்டக் கருத்து கேட்டு என்னிடம் வந்த பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், "தண்டவாளக் கரைக்குத் தெற்கு" என்று ஒரு வரி இருந்தது. வாங்க வந்தவருக்கு அங்கே கரை எதுவும் தெரியவில்லை. கருவேல முள் மண்டிய ஒரு மேடுதான் தெரிந்தது, அந்த மேட்டில் பாதியையும் சேர்த்தே அவருக்கு அளந்து காட்டியிருந்தார்கள்.

அந்த மேட்டுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு அமைத்த மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை)–முத்துப்பேட்டை பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதிலுள்ள பேரளத்திலிருந்து பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு 1898இல் ஒரு கிளை பிரிந்தது. ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர்கேஜ் பாதைதான் என்றாலும், அது பிரிட்டிஷ் மண்ணில் தொடங்கிப் பிரெஞ்சு மண்ணில் முடிந்தது என்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை, ஏனெனில் இன்றைய ஆவணச் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. மேற்கே தமிழ்நாட்டுப் பகுதியில் பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (ஒவ்வொரு புலத்தின் அளவைப் படம்) ஆகியவற்றைப் பார்க்கிறோம். கிழக்கே காரைக்கால் பகுதியில் பிரெஞ்சுக் காலத்துக் கதாஸ்தர் (நில அளவைப் பதிவு) எண்ணையும் பின்னர் வந்த மறு நில அளவை எண்ணையும் ஒப்பிட்டாக வேண்டும். ஒரே பாதையின் நிலத்துக்கு இரு வேறு ஆவண மரபுகள்!

அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகச் சென்ற அந்த இரயில் 1987இல் நின்றது. வண்டி நின்றதும் நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது என்று பலர் நம்பியதுதான் பெரும் பிழை. அதே தடத்தை ஒட்டி 23.5 கிலோமீட்டருக்கு அகலப்பாதை அமைக்கும் பணி வந்தபோது அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமல் போனது.

முப்பதாண்டு வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று மகிழ வேண்டாம். பதிவு செய்யப்பட்ட பரிமாற்றங்கள் மட்டுமே அதில் வரும். நூறாண்டுக்கு முன் இரயில் பாதைக்காக எடுக்கப்பட்ட நிலம் அதில் தெரியாது. நிலத்தை நீண்ட காலம் அனுபவித்து வந்ததாகச் சொல்லி விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அரசு நிலத்தில் எதிரிடை அனுபவம் (பிறர் நிலத்தை நெடுங்காலம் தன் வசம் வைத்திருந்ததால் உரிமை) கோருவதற்கான காலவரம்பு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி 30 ஆண்டுகள்; அது கடந்தாலும் அரசின் உரிமையை மறுத்து, வெளிப்படையாகவும் இடைவிடாமலும் அனுபவித்ததை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். காலியாகக் கிடந்த மேட்டில் மாடு கட்டியது அதற்குப் போதாது.

செக்குபந்தியில் தண்டவாளம், இரயில்வே கரை, ஸ்டேஷன் ரோடு போன்ற சொல் கண்ணில் பட்டால், புலப்படத்தில் பல வயல்களை ஊடறுத்துச் செல்லும் ஒடுங்கிய நீள் துண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரயில்வேயின் நில வரைபட நகலைக் கேட்டுப் பெற்று, உரிமம் பெற்ற நில அளவையரைக் கொண்டு எல்லைக்கல்லிலிருந்து அளந்துகொள்ளுங்கள். என்னிடம் வந்தவர் அப்படி அளந்த பிறகு, மேட்டை விட்டுவிட்டு மீதி நிலத்துக்கு மட்டுமே கிரயம் பேசினார்.