கலர் அட்டை அப்புறம், முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

வீட்டுக்கு வெளிப்புறம் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது மூன்றுதான்: சதுர அடிக்கு என்ன ரேட், எந்தக் கம்பெனி பெயின்ட், எத்தனை வருட வாரன்டி. அது என்ன சுவர், அதன்மேல் இதற்கு முன் என்ன அடித்திருக்கிறது என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் பெயின்ட் நிற்குமா உரியுமா என்பதை முடிவு செய்வது அந்தச் சுவர்தான். ஓதம் ஏறிய சுவருக்கும் சரியாகத் தயார் செய்யாத சுவருக்கும் பெரும்பாலான வாரன்டி செல்லாது, அந்தத் தாளை முழுக்கப் படித்துப் பாருங்கள்.

நான் அதிகம் பார்க்கும் கோளாறு பழைய வீடுகளில்தான். பல வருடம் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவர், பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் நல்ல விலையில் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்) வாங்கி அதன்மேலேயே அடித்துவிடுவார்கள். முதல் மழை வரை பளிச்சென்று இருக்கும், அப்புறம் அங்கங்கே கொப்பளித்து, துண்டு அகலத்துக்குத் தாள் தாளாகக் கழன்று வரும். அப்படி விழுந்த ஒரு தாளைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். பெயின்ட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டது, சுண்ணாம்பு சுவரை விட்டுவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம்: உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள், மாவு மாதிரி ஒட்டினால் அந்தச் சுண்ணாம்பு முழுவதையும் தகடு, கம்பி பிரஷ் கொண்டு சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் எமல்ஷன். சுரண்டுகிற கூலி கட்டுப்படியாகவில்லையென்றால் மறுபடி சுண்ணாம்பே அடித்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

சுவரே சுண்ணாம்புக் காரைப் பூச்சாக இருந்தால், காரைக்குடிப் பக்கத்து வீடுகள், தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரகார வீடுகள் மாதிரி, அங்கே எமல்ஷன் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காலத்துச் சுவர்களில் பெரும்பாலும் தரையிலிருந்து ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஏறுகிற ஈரத்தைக் காரை வெளியே விட்டுக்கொண்டே இருந்ததால்தான் சுவர் இத்தனை தலைமுறை நின்றது. அந்த வழியை எமல்ஷனாலோ சிமென்ட் பூச்சாலோ அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், இல்லையென்றால் காரையையே பெயர்த்துக்கொண்டு வரும்.

புது வீடுகளில் பிரச்சினை வேறு. கிரகப்பிரவேசத் தேதி குறித்தாயிற்று, பூச்சு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பெயின்டரை வரச் சொல்லிவிடுவார்கள். சிமென்ட் பூச்சுக்குத் தண்ணீர் காட்டி, அது இறுகி, ஈரம் வெளியேற குறைந்தது 28 நாளாவது வேண்டும், மழைக்காலமென்றால் அதற்கும் மேல். காயாத புதுப் பூச்சில் காரத்தன்மை மிக அதிகம், அதை அளக்கும் பிஎச் எண் 12-ஐத் தாண்டும் (சாதாரணத் தண்ணீருக்கு 7). அந்தக் காரம் சில அடர்ந்த நிறங்களை வெளுத்துத் திட்டுத் திட்டாக ஆக்கும், எண்ணெய் கலந்த பெயின்டென்றால் அரித்தே விடும். காரத்தைத் தாங்கும் பிரைமர்தான் கேட்டு வாங்க வேண்டும். சுவரை வழவழப்பாக்கப் பெயின்டுக்கு முன் பூசும் பட்டியிலும் கவனம்: வெளிச்சுவருக்கு வெள்ளை சிமென்ட் பட்டி, டப்பாவில் குழைத்தே வரும் சாதாரண அக்ரிலிக் பட்டி உள்சுவருக்கு மட்டும்.

ஈரம் போய்விட்டதா என்று சந்தேகமா? ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் காலை பிரியுங்கள். உள்ளே நீர் முத்து கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: குளியலறைக் குழாய், மாடித் தொட்டி, சுவரோரம் குவித்த மண். அதை அடைக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் வீண்.

இரும்புக்கு வருவோம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் கிரில், கேட் எல்லாம் உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறும். கம்பி பிரஷும் எமரியும் போட்டுத் துருவை எடுத்தபின் அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும், நாளைக்கு என்று விட்டால் ராத்திரி ஈரத்தில் மறுபடி செம்பழுப்பு படிந்துவிடும். கேட்டின் முகத்தைப் பளபளப்பாக்கிவிட்டு, அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்கும் மூலையை விட்டுவிடுகிறார்கள், துரு ஆரம்பிப்பதே அங்கேதான். புது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், ஜிஐ தகடு மேல் நேரடியாக எனாமல் அடித்தால் கொஞ்ச நாளில் தோலாக உரியும். துத்தநாகமும் எனாமலில் உள்ள எண்ணெயும் சேர்ந்து இடையில் சோப்பு போன்ற ஒரு படலம் உண்டாவதுதான் காரணம். அதற்கென்றே எட்ச் பிரைமர் இருக்கிறது, கடையில் கேளுங்கள்.

வாசல் கதவு மரமென்றால் கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பெயின்ட் அடிக்காமல் வெறும் மரமாகவே விட்டுவிடுவார்கள். அந்த வெட்டுமுனை வழியாகத்தான் மரம் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, அப்புறம் மழைக்காலத்தில் கதவு உப்பிச் சாத்த முடியவில்லை என்பார்கள்.

இனி சொல்வது உடம்பு சம்பந்தப்பட்டது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய ஜன்னல், கதவு, கிரில்லை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் படியும், தரையில் தவழ்கிற குழந்தை கையோடு வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், பெயின்டருக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள் (கைக்குட்டை போதாது), வேலை முடியும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எக்காரணம் கொண்டும் கம்பி பிரஷால் தேய்க்கவோ அழுத்தத் தண்ணீரால் பீச்சவோ வேண்டாம். கிளம்பும் இழை நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, புற்றுநோய் வரை கொண்டுபோகும். அந்தக் கூரையில் ஆள் ஏறுவதே ஆபத்து, உடைந்து விழுந்தவர்கள் பலர்.

கடைசியாக, காலம். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மார்கழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுகிறோம், ஆனால் வடகிழக்குப் பருவமழையைக் குடித்த சுவர் அப்போது ஈரமாகவே இருக்கும், போதாததற்குப் பனியும் சேரும். முடிந்தால் வெளிப்புற வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவையுங்கள், பொங்கலுக்கு உள்ளே மட்டும் அடித்துக்கொள்ளலாம். வெயில் காலத்திலும் கொதிக்கிற சுவரில் அடித்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து பிரஷ் கோடு தெரியும், அதனால் மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் எடுக்கச் சொல்லுங்கள்.