காப்பீட்டு அட்டையைப் பணம் கட்டும் முன்பே காட்டுங்கள்

பெரியப்பாவை மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய இரவில் எங்கள் வீட்டில் யாருக்கும் அட்டை நினைவுக்கு வரவில்லை. கேட்ட முன்பணத்தைக் கடன் வாங்கிக் கட்டினோம். மூன்றாம் நாள்தான் பெரியம்மா, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த காப்பீட்டு அட்டையைச் சொன்னார். அதற்குள் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. "முன் அனுமதி வாங்கவில்லையே" என்று கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள்.

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பலரும் இடறி விழும் இடம் இதுதான். கையிலிருந்து செலவழித்துவிட்டுப் பிறகு பில்லைக் காட்டி வாங்கும் திட்டம் அல்ல இது. நோயாளி சேர்ந்ததும் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டர் அவருடைய விவரங்களையும் பரிசோதனை முடிவுகளையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி முன் அனுமதி கேட்கும். அனுமதி வந்த சிகிச்சைக்குரிய தொகை மருத்துவமனைக்கே நேராகப் போய்விடும். ஆகவே உடன் வந்தவர்களில் ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் முதல் நாளே அந்தக் கவுண்டரைத் தேடிப் போக வேண்டும். அட்டை, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் நள்ளிரவில் பீரோவைக் குடைய வேண்டியிருக்காது.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கானது இது. முன்பு 72,000 ஆக இருந்த வரம்பை 2022இல் உயர்த்தினார்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லை. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. ஐசியு வாசலிலிருந்து சான்றுக்கு அலைவது கொடுமை.

ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைத் திட்டம் ஏற்கும். அது தலைக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. அப்பாவுக்கு 3 லட்சம் செலவாகியிருந்தால் அந்த ஆண்டில் மற்ற எல்லோருக்குமாக மிஞ்சுவது 2 லட்சம். கல்லீரல் மாற்று போன்ற சில பெரிய சிகிச்சைகளுக்கு அரசு தனி நிதியும் வைத்திருக்கிறது.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை உண்டு. பொது வார்டு படுக்கை, மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். தனி அறை கேட்டால் கதை மாறிவிடும். சாதாரணக் காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் பார்த்துக்கொள்வது இதில் வராது. உடனிருப்பவரின் சாப்பாடும் பஸ் செலவும் வராது. பத்து நாள் தங்கினால் அதுவே ஒரு பெருந்தொகை என்பது வேறு விஷயம்.

எல்லாத் தனியார் மருத்துவமனையும் இதில் இல்லை. இருக்கும் மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி இருக்காது. "உங்களிடம் காப்பீடு உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "இந்த நோய்க்கு, இந்த அறுவைச் சிகிச்சைக்கு உண்டா?" என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்தானே, அங்கே அட்டை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அட்டையைக் காட்டினால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்குக் கிடைக்கும். அங்கேயே கருவிக்கும் வசதிக்கும் செலவாகும். தயங்காமல் கொடுங்கள்.

சாலை விபத்து என்றால் வழி வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையே தேவையில்லை.

அனுமதி கிடைத்த பிறகும் "இந்த ஊசிக்கு மட்டும் தனியாகக் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். அங்கேயும் மழுப்பினால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து, அட்டை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.